கிழக்கு பார்த்த மணவறை: ஹேவ்லாக் தீவில் ஒரு தர்மபுரிக் கல்யாணம்

தர்மபுரியும் அந்தமானின் ஹேவ்லாக் தீவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டுமே வடக்கு 12 பாகையை ஒட்டிய இடங்கள். எந்த மாதமானாலும் பகலின் நீளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வித்தியாசம் தீர்க்கரேகையில் இருக்கிறது. நமக்குக் கிழக்கு 78, அங்கே 93. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் 15 பாகைக்கு முழுசாக ஒரு மணி நேரம். நாடு ஒன்று என்பதால் கடிகாரமும் ஒன்று, ஆனால் சூரியன் அங்கே ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறது. ஜனவரி கடைசியில் தர்மபுரியில் காலை 6.43 வாக்கில் உதித்து மாலை 6.18 வாக்கில் மறைகிற சூரியன், ஹேவ்லாக்கில் 5.44க்கே வந்து 5.18க்கெல்லாம் போய்விடும்.

கல்யாணப் படம் எடுக்கிறவனுக்கு அந்தத் தீவில் இதைவிட முக்கியமான விஷயம் வேறு கிடையாது. நம் பக்கத்திலிருந்து கோவா, இலங்கை, பாலி, அந்தமான் என்று கல்யாணத்தைக் கொண்டுபோகிற வீடுகள் இப்போது இருக்கின்றன. ஆர்டர் வந்ததும் எந்த லென்ஸ், எத்தனை கேமரா, டிரோன் உண்டா என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாலி எத்தனை மணிக்கு, மணவறை எந்தத் திசையில் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் தெரியாமல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த இரண்டு பதிலும் ஒரு ஆல்பத்தை எப்படி உருவாக்கின என்பதை, நாங்கள் எடுத்த ஒரு கல்யாணத்தை வைத்து விவரமாகவே சொல்கிறேன். வீட்டார் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர்களைச் சொல்லப்போவதில்லை.

பெண் வீடு தர்மபுரிக்குப் பக்கத்துக் கிராமம். மாப்பிள்ளை வீடு காவேரிப்பட்டணம் பக்கம், மாந்தோப்புக்காரர்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பெங்களூரில் வேலை. கடற்கரையில் கல்யாணம் என்பது பெண்ணின் ஆசை. ஹேவ்லாக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பாஸ்போர்ட் வேண்டாம் என்பதுதான். இரண்டு வீட்டிலும் வயதானவர்கள் யாரிடமும் பாஸ்போர்ட் இல்லை. பெங்களூரிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம், அப்புறம் கப்பல்.

சண்டை வராமல் இல்லை. “ஊரைக் கூப்பிடாம என்ன கல்யாணம்? நம்ம எழுதின மொய்யெல்லாம் எங்க போயி வாங்கறது?” என்று பெண்ணின் தாய்மாமன் கேட்டது நியாயமான கேள்வி. பந்தக்காலும் நலங்கும் ஊரில், தாலி தீவில், அடுத்த வாரம் வரவேற்பு தர்மபுரி மண்டபத்தில் என்று கடைசியில் முடிவானது. தீவுக்கு வருகிறவர்கள் அறுபது பேருக்குள். ஊர் முழுக்க வரவேற்புக்கு.

இந்த ஏற்பாடு எங்கள் வேலையையும் மாற்றியது. மண்டபத்துக் கல்யாணத்தில் மேடைக்கு வருகிற ஒவ்வொரு குடும்பத்தையும் பெண் மாப்பிள்ளையோடு நிறுத்தி எடுக்கிற படம்தான் ஆல்பத்தின் முதுகெலும்பு. யார் வந்தார்கள் என்பதற்கு மொய் நோட்டுக்கு அடுத்த சாட்சி அதுதான். தீவில் அந்த வரிசை இருக்காது. அங்கே எடுக்கிற ஒவ்வொரு படமும், வராதவர்கள் பார்க்கப்போகிற படம்.

பத்திரிகையில் போட்ட நேரம்

என்னைப் பேசக் கூப்பிட்டபோது பத்திரிகை அச்சுக்குப் போகவில்லை, மாதிரி மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை 8.00 முதல் 9.00 வரை கும்ப லக்னம் என்று போட்டிருந்தார்கள். ஊர் ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம். எந்த ஊருக்குக் குறித்தது என்று கேட்டேன். பெண்ணின் அப்பாவுக்குக் கேள்வியே புதிதாக இருந்தது. நேரம் என்றால் நேரம்தானே என்றார். தாலி எடுத்துக் கொடுக்கப்போகிற புரோகிதரையே போனில் பிடித்தோம். அவர் தயங்கவே இல்லை. “எந்த ஊர்ல தாலி கட்றீங்களோ, அந்த ஊர் உதயத்துக்குத்தாங்க லக்னம். அந்தமான்னு என்கிட்ட யாருமே சொல்லலியே” என்றார்.

ஜோசியர் கணித்தது தர்மபுரி உதயத்துக்கு. லக்னம் என்பது அந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் உதிக்கிற ராசி. தை மாதம் சூரியன் மகரத்தில் இருக்கிறான். உதயத்தில் மகர லக்னம், அதில் மிச்சமிருக்கிற பாகம் கழிந்ததும் கும்பம். தர்மபுரியில் எட்டிலிருந்து ஒன்பது வரை கும்பத்துக்குள் வசதியாக அடங்கும். ஹேவ்லாக்கில் எட்டரை வாக்கிலேயே கும்பம் முடிந்து மீனம் தொடங்கிவிடும். பத்திரிகையில் இருந்த நேரத்தின் பின்பாதி, குறித்த லக்னத்திலேயே இல்லை. புரோகிதர் மறுபடி கணித்து 7.00 முதல் 8.00 வரை என்று மாற்றினார். அச்சுக்கு அதுவே போனது.

சாஸ்திரத்தில் நம்பிக்கை இருக்கிறதா என்பது அவரவர் விஷயம். படத்துக்கு இந்த மாற்றம் என்ன செய்தது என்று மட்டும் சொல்கிறேன். அந்தத் தீவில் அந்த நாளில் காலை 7 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 17 பாகை உயரத்தில் இருக்கும். 8 மணிக்கு 30 பாகை. 9 மணிக்கு 42. பதினேழு பாகையில் வெளிச்சம் மஞ்சளாக, பக்கவாட்டில், முகத்தில் இதமாக விழும். நாற்பதைத் தாண்டினால் கண்குழியில் நிழல் கட்டும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், பட்டுச் சரிகை வெளுத்துப்போய் அதன் வேலைப்பாடு எதுவும் படத்தில் நிற்காது. பழைய நேரப்படி தாலி எட்டே முக்காலுக்குக் கட்டியிருந்தால் நாங்கள் எவ்வளவு விலை உயர்ந்த கேமரா வைத்திருந்தாலும் அந்த வெளிச்சம்தான் கிடைத்திருக்கும்.

புரோகிதரும் போட்டோகிராபரும் மணவறையில் ஒருவரையொருவர் மறைத்துக்கொண்டு முறைத்துக்கொள்வது எல்லா மண்டபத்திலும் நடக்கிறது. இரண்டு பேரும் சூரியனைப் பார்த்து வேலை செய்கிறவர்கள். முன்கூட்டியே பேசிக்கொண்டால் அந்த முறைப்புக்கு இடமே இருக்காது.

கிழக்கா, கடலா

ஹேவ்லாக்கின் பெரும்பாலான ரிசார்ட்டுகள் தீவின் கிழக்குக் கரையில், கோவிந்த நகர், விஜய நகர் பக்கம் இருக்கின்றன. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட கிராமங்கள் அவை. பெயர்களும் அப்படி வந்தவை. 2018 டிசம்பரில் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஆனாலும் டிக்கெட் போடுகிற இடத்தில் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

கிழக்குக் கரை என்றால் கடல் கிழக்கே. டெக்கரேஷன்காரர் அனுப்பிய வரைபடத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இணையத்தில் பார்க்கிற கடற்கரைக் கல்யாணப் படம் எல்லாம் அப்படித்தான் இருக்கும்: முகம் முன்னால், நீலம் பின்னால். மாப்பிள்ளையின் தாத்தா செல்போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “தம்பி, கிழக்கப் பாத்துத்தான் உக்காரணும். கடலு எந்தப் பக்கம் இருந்தா என்ன?” என்றார். பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. கடலுக்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறாள்.

நான் தாத்தா பக்கம் நின்றேன், அவர் பெரியவர் என்பதற்காக மட்டும் இல்லை. மேற்கே பார்த்து உட்கார்ந்தால் காலைச் சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முகம் இருட்டு, கடல் வெளுப்பு. முகத்தைத் தூக்க பிளாஷ் போட்டே ஆக வேண்டும். ஒரு மணி நேரச் சடங்கு முழுக்க பிளாஷ் போட்டால் படம் மண்டபத்தில் எடுத்த மாதிரிதான் இருக்கும், பின்னால் திரை மட்டும் கடல். கிழக்கே பார்த்தால் தீவின் அந்த மஞ்சள் வெளிச்சம் முழுக்க முகத்துக்கு வரும். கடல் என் முதுகுக்குப் பின்னால் போய்விடும், அது உண்மை. பெண்ணிடம் இதைச் சொல்லி, கடலை வேறு கோணத்தில் கொண்டுவருகிறேன், பொறுப்பு என்னுடையது என்றேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டாள்.

முகத்துக்கு நேரே வருகிற வெயிலில் ஒரு சிக்கல் உண்டு. கண் கூசும். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தாலி கட்டிக்கொள்கிற பெண்ணின் படத்தை யாரும் சுவரில் மாட்ட மாட்டார்கள். பந்தலின் முன் விளிம்பை நீட்டலாம் என்றார் டெக்கரேஷன்காரர். 17 பாகையில் வருகிற வெயிலை எட்டடி உயரப் பந்தல் தடுக்க வேண்டுமானால், தரையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முன்னால் பதினெட்டு அடி நீட்ட வேண்டும். அப்புறம் அது கடற்கரைக் கல்யாணமாக இருக்காது. காடாத் துணியில் முடித்தோம். ஈரோட்டில் வாங்கிய வெள்ளைக் காடா, இரண்டு மூங்கிலுக்கு நடுவில், மணவறைக்குக் கிழக்கே கொஞ்சம் தள்ளி. ஜனவரிக் கடைசியில் சூரியன் நேர்க்கிழக்கில் உதிப்பதில்லை, 18 பாகைக்கு மேல் தெற்கே தள்ளித்தான் உதிக்கும். ஏழு மணிக்கு இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்ந்திருக்கும். அதனால் துணியைக் கிழக்கு பார்த்து உட்கார்கிறவர்களின் வலப்பக்கமாக நிறுத்தினோம். இடப்பக்கம் முழுக்கத் திறந்தே இருந்தது. மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் பெண். வடிகட்டிய வெளிச்சம் முதலில் அவள் கன்னத்தில் விழுந்து, அப்புறம் அவனிடம் போனது. நிழல் பக்கத்துக்கு வெள்ளை மணலே ரிஃப்ளெக்டர், கீழிருந்து வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுத்தது. பிளாஷை எடுக்கவே இல்லை.

மெயின் கேமரா முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிற 85 மி.மீ. லென்ஸோடு முன்னால், தரையோடு உட்கார்ந்து. பெண் மாப்பிள்ளைக்குப் பின்னால் அப்பா, அம்மா, தாய்மாமன், விளக்குப் பிடித்த நாத்தனார் என்று நின்றவர்களின் முகமும் அதே வெளிச்சத்தில் இருந்தது. இரண்டாவது கேமரா அகலமாகப் பிடிக்கிற 24 மி.மீ. லென்ஸோடு எல்லோருக்கும் பின்னால், ஒரு ஸ்டூல் மேல். கெட்டிமேளம் கொட்டி மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். அறுபது பேரின் கையும் ஒரே சமயத்தில் அட்சதையோடு மேலே போனது. பின்னாலிருந்து பார்த்தால் முதலில் தலைகள், கனகாம்பரமும் மல்லியும் வைத்த கொண்டைகள், மேலே வளையல் கைகள், கைகளுக்கு மேல் காற்றில் நிற்கிற மஞ்சள் அரிசி, அதற்கும் மேல் கடல். மணவறை அந்தக் கைகளின் இடைவெளியில் சின்னதாகத் தெரிகிறது. கடல் வேண்டும் என்று பெண் கேட்டது இந்தப் படத்தில் இருக்கிறது, ஊர் சனமும் இருக்கிறது. ஆல்பத்தில் அவளே முதலில் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

தீவுக் கல்யாணம் என்றால் ‘டிரெடிஷனல்’ தேவையில்லை, ‘கேண்டிட்’ மட்டும் போதும் என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டாளா, தாரை வார்க்கும்போது யார் கை மேலே இருந்தது, மெட்டி போட்டது யார், மாமன் சீர் என்ன வந்தது என்பதெல்லாம் இருபது வருஷம் கழித்து ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் தேடப்போகிற விஷயங்கள். கூட்டம் குறைவாக இருக்கும்போதுதான் இதை நிதானமாக, யாரையும் தள்ளாமல் எடுக்க முடிகிறது.

கொண்டுபோனதும் போகாததும்

டிரோன் எடுத்துப் போகவில்லை. 2021 டிரோன் விதிகளின்படி நாடு முழுக்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்வெளியைப் பிரித்திருக்கிறார்கள். சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. அந்தமான் முப்படைகளின் கூட்டுத் தளம் இருக்கிற இடம், கட்டுப்பாடு கடுமையாகத்தான் இருக்கும். தொப்பூர் கணவாய் பக்கம் பறக்கவிட்ட பழக்கத்தில் அங்கே எடுத்துப் போய், கல்யாண வீட்டாரை போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்துகிற வேலை யாருக்கும் வேண்டாம்.

பேட்டரி விஷயம் தெரிந்துகொள்ள வேண்டியது. தனியாக எடுத்துப் போகிற லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. 100 வாட் ஹவர் வரை கேள்வி இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுதான். பெரிய பிளாஷ்களின் பேட்டரியில் வாட் ஹவர் அச்சாகியிருக்கும். இல்லையென்றால் வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வரும். எழுத்து அழிந்துபோன பழைய பேட்டரியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

தீவில் விமான நிலையம் கிடையாது. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து தனியார் கப்பலில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். அரசுக் கப்பல் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகும். கடல் சரியில்லையென்றால் கப்பல் ரத்து. ஜனவரியில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் என்றாலும், கேமராவும் கேமராக்காரர்களும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்து இறங்குவது என்ற ஏற்பாட்டுக்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. அதற்கும் ஒரு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தால், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை அதே ஏழு மணிக்கு அதே இடத்தில் லைட் பாயை உட்கார வைத்து வெளிச்சம் பார்க்க முடியும். காடாத் துணி எங்கே நிற்க வேண்டும் என்பதை அப்படித்தான் முடிவு செய்தோம்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். நம் ஊரில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, கடலோர ஈரக்காற்றில் நிச்சயம் வரும். விடிகாலையில் பையை வராந்தாவில் வைத்து, மூடியபடியே அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். மணலில் லென்ஸ் மாற்றக் கூடாது, இரண்டு பாடியில் இரண்டு லென்ஸை மாட்டிவிட்டு அப்படியே வேலை பார்க்க வேண்டும். உப்புத் தூவலை வெறும் துணியால் தேய்த்தால் கோடு விழும், நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வீடியோவுக்குக் காற்றுதான் எதிரி. மைக்குக்கு மேல் ரோமச் சட்டை போடாவிட்டால் மந்திரத்துக்குப் பதில் ‘புர்ர்’ என்றுதான் பதிவாகும்.

சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் பொறுக்கி எடுத்து வரக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட்டோம். பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்துக் கரை ஒதுங்கிய துண்டுக்கும் அதே சட்டம்தான். கையில் பவளத்தோடு பெண்ணை நிறுத்தி எடுக்கலாம் என்று யாராவது சொன்னாலும் செய்யக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம்

இது நான் எதிர்பார்த்தே போன சிக்கல். மாலை வெளிச்சத்தில் பெண் மாப்பிள்ளையைத் தனியாக எடுக்க ராதாநகர் கடற்கரை. அது தீவின் மேற்குக் கரை, சூரியன் கடலில் இறங்குகிற இடம். 2004ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னதும், 2020ல் நீலக்கொடிச் சான்று பெற்றதும் இதுதான். அழகில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை.

எல்லோருக்கும் மனப்பாடமான ஞாயிறு ராகு காலம் மாலை 4.30 முதல் 6.00. அந்தத் தீவில் 5.18க்குச் சூரியன் மறைந்து 5.40 வாக்கில் இருட்டிவிடும். காலண்டர் கணக்கைப் பிடித்துக்கொண்டால் மாலை வெளிச்சம் முழுக்கப் போய்விடும். பெண்ணின் ஆயா கறாராகச் சொல்லிவிட்டார்: “தாலி ஏறின அன்னிக்கு ராகு காலத்துல வெளிய கெளம்பறதாவது? மாலை மாத்தறதாவது? ஆவாது கண்ணு.”

ஆயாவைக் கேலி செய்துவிட்டு வேலையைப் பார்ப்பதும், ஆயாவுக்காக அந்த மாலையை விட்டுவிடுவதும் இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. மறுபடியும் புரோகிதரிடம்தான் போனோம். நாலரை ஆறு என்பது ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்ட பொதுக் கணக்கு. முறையாகப் பார்த்தால் பகலை எட்டாகப் பிரித்து ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டாவது பாகம் ராகு காலம். அதாவது ஞாயிறன்று ராகு காலம் எந்த ஊரிலும் சூரியன் மறைகிறபோது முடியும். ஹேவ்லாக்கில் அன்று 3.50 முதல் 5.18 வரை. ஆயா இதைப் புரோகிதர் வாயால் கேட்டபின் இறங்கி வந்தார், இரண்டு நிபந்தனையோடு. கிளம்புவது 3.50க்கு முன்னால் இருக்க வேண்டும். மாலை மாற்றுவது போன்ற எதுவும் 5.18க்கு முன்னால் கூடாது.

மூன்றரைக்கு வண்டி கிளம்பியது. கிழக்குக் கரையிலிருந்து ராதாநகர் அரை மணி நேரத்துக்குள். நாலே காலிலிருந்து சும்மா நடப்பது, பேசுவது, மரத்தடியில் உட்கார்ந்து இளநீர் குடிப்பது. போஸ் எதுவும் கொடுக்கச் சொல்லவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் கேமராவை மறந்தார்கள். காலையிலிருந்து அறுபது பேருக்கு நடுவில் இருந்தவர்கள், முதல் தடவையாகத் தனியாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் படங்களில் இருக்கிற இயல்பு வேறெந்த வழியிலும் கிடைத்திருக்காது. பொதுக் கடற்கரை என்பதால் சுற்றுலாக்காரர்கள் நிறைய. ஓரமாகத் தள்ளிப் போனோம், ஆனால் ஓடை, அலையாத்திக் காடு பக்கம் போகவில்லை. அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் போய் எடுக்கிற படம் எதுவும் தேவையில்லை.

சூரியன் மறைந்தபின் மிச்சம் இருப்பது இருபது நிமிடம்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது, அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். வானம் முதலில் ஆரஞ்சு, அப்புறம் ரோஜா, அப்புறம் கருநீலம். 5.20க்கு மாலையை எடுத்தோம். ஓசூர் பக்கத்து ரோஜாவை ஈரத்துணியும் வாழை இலையும் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள், வாடவில்லை. பிளாஷ் ஒன்று, ஆரஞ்சு ஜெல் (வெளிச்சத்தின் நிறத்தை மாற்றுகிற கண்ணாடித்தாள்) போட்டு, குறைந்த சக்தியில். காற்றில் ஸ்டாண்ட் நிற்காது என்பதால் லைட் பாய் கையிலேயே பிடித்தான். ஜெல் போடாவிட்டால் முகம் நீலமாக, செத்த நிறத்தில் வரும். 5.40க்கு மூட்டை கட்டிவிட்டோம்.

ஊரில் இருந்தவர்கள்

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் வந்தது 2020 ஆகஸ்டில். சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், ஸ்வராஜ் தீவுக்கும் இணைப்பு உண்டு. அதற்கு முன்னால் எல்லாம் செயற்கைக்கோள் வழியாகத்தான். அந்தக் கேபிள் இல்லாவிட்டால் இந்தக் கல்யாணத்தை லைவ் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுத்திருக்க முடியாது. லைவுக்குத் தனிக் கேமரா, தனி ஆள், டிரைபாடில் நிலையாக. கிட்டப் போவது, சுற்றுவது எதுவும் இல்லை. டிவியில் பார்க்கிற வயதானவர்களுக்குக் காட்சி அடிக்கடி மாறினால் யார் எவர் என்று பிடிபடாது.

தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. பெண் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றி வைத்து, தெருவே உட்கார்ந்திருந்ததாம். கெட்டிமேளச் சத்தம் கேட்டதும் இங்கேயும் அட்சதை போட்டிருக்கிறார்கள், டிவி மேலேயே. அதை யாரோ செல்போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். துல்லியம் இல்லாத படம்தான். அதையும் வாங்கி ஆல்பத்தில், அட்சதை படத்துக்கு எதிர்ப்பக்கத்தில், முழுப் பக்கமாக வைத்தேன். ஆல்ப டிசைனர் தரம் குறைவு என்று தயங்கினார். ஒரே நிமிடத்தில் இரண்டு ஊரில் விழுந்த அட்சதையை இரண்டு பக்கத்தில் காட்டுகிற வாய்ப்பு இன்னொரு முறை கிடைக்காது, அதனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எடிட்டிங்கில் ஒரே ஒரு பிடிவாதம். தோல் நிறத்தை வெளுக்கக் கூடாது. தீவு வெளிச்சத்தில் நம் மாநிறம் தேன் மாதிரி வரும். அதைத் தூக்கி வெள்ளையாக்கினால் கடலின் நீலமும் சேர்ந்து வெளிறிப்போகும். மாப்பிள்ளையின் அக்கா கொஞ்சம் ‘பிரைட்’ பண்ணச் சொன்னார். இரண்டு பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், அவரே பழையதை எடுத்துக்கொண்டார்.

தர்மபுரி மண்டபத்து வரவேற்பில் மேடை வரிசை இரவு பத்தரை வரை போனது. தாய்மாமன் வாசலில் மேஜை போட்டு மொய் எழுதினார். தீவுப் படங்கள் சிலவற்றை 12க்கு 18 அளவில் மேட் பேப்பரில் போட்டு, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் வைத்திருந்தோம். பெரும்பாலானவர்கள் நின்று பார்த்தது கடலை இல்லை. கையைத் தூக்கி நிற்கிற கூட்டத்தில் முதுகைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். “இது நம்ம சின்னம்மா கொண்டைதானே?” என்று ஒரு அம்மா விரலை வைத்துக் காட்டினார். ஆல்பத்தில் தீவும் மண்டபமும் தனித்தனியாக இல்லை. பந்தக்கால், நலங்கு, தீவு, வரவேற்பு என்று நடந்த வரிசையிலேயே ஒரே புத்தகம், இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பிரதி.

வரவேற்பில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, கிருஷ்ணகிரியிலிருந்து இன்னொரு வீட்டார் வந்து பேசினார்கள். அதே தீவு, ஆனி மாதத்தில். வேண்டாம் என்றேன். மே முதல் செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை, கப்பல் ஓடுமா ஓடாதா என்பதே அன்றன்று காலையில்தான் தெரியும். அக்டோபர், நவம்பரில் புயல் பயம். தை, மாசி, பங்குனி மூன்று மாதம்தான் அந்தக் கடலை நம்பிப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். மாசியில் முகூர்த்தம் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். மணவறைக்கு ரிசார்ட் காட்டுகிற இடத்தைக் காலை ஏழு மணிக்கு எடுத்த ஒரு போட்டோவோடு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அது வந்தபிறகு அட்வான்ஸ் பேசுவதாக ஏற்பாடு.